எஸ்தர் மேடம் கட்டிய நூல்

சனிக்கிழமை காலை பத்தேகால் மணி இருக்கும். மாடியில் உள்ள மொழி ஆய்வகத்தில் கௌசல்யாவை உட்காரவைத்து, திங்களன்று நடக்கவிருந்த வீடியோ நேர்காணலுக்குக் கடைசிச் சுற்றுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவியாகச் சேர விண்ணப்பித்து, நேர்காணல் வரை வந்திருந்தாள். ஏழாவது கேள்வியைக் கேட்டேன். "உங்கள் ஆய்வகத்தில் பாதுகாப்பு எப்படி?" அவள் தயங்காமல் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். எல்லாப் பாதுகாப்பு நடைமுறைகளும் முறையாகப் பின்பற்றப்படுகின்றன என்று சொல்லி இரண்டாவது வாக்கியத்துக்கு வந்தபோது, ஆய்வக உதவியாளர் முனுசாமி வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார். அந்த அறைக்கு வர யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

"சார், எஸ்தர் மேடம் போயிட்டாங்க சார். இப்பதான் அவங்க வீட்டுக்காரர் தாஸ் அண்ணன் போன் பண்ணாரு. காபி கேட்டாங்களாம். போட்டு எடுத்துக்கினு வர்றதுக்குள்ள இல்லயாம்."

கௌசல்யாவின் கண்கள் முனுசாமியின் மேலேயே இருந்தன. வாய் மட்டும் தன் பாட்டுக்கு அந்த ஆங்கில வாக்கியத்தை முடித்தது. அவ்வளவு நன்றாக நான் பயிற்சி கொடுத்திருந்தேன்.

கல்லூரியில் நினைவு மலர் போடுகிறார்கள். வேதியியல் துறை எஸ்தர் மேடத்தோடு ஒன்பது வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். "அவங்க சேவையைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள். நான் ஆங்கிலத் துறைக்காரன். நல்ல வார்த்தை எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனாலேயே இதை எழுதக் கை கூசுகிறது. ஒரு பக்கத்தில் அடங்காது என்று தெரியும். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் அவரைத் தெரிந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நானே அனுப்பிவைக்கிறேன்.

எங்கள் சனிக்கிழமை வகுப்பு எப்படி ஆரம்பித்தது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. ஒருநாள் மதியம் ஆசிரியர் அறையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எஸ்தர் மேடம் ஒரு தாளை என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்தார். அவருடைய மாணவன் ஒருவன் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதியிருந்த கடிதம். பணிவான வணக்கத்தில் ஆரம்பித்து, தங்கள் பொன்னான நேரத்தைக் கோரி, தங்கள் மேலான ஆசியை வேண்டி முடிந்திருந்தது.

"சார், இதுல பையன் என்ன ஆராய்ச்சி பண்ணான்னு எங்கனா இருக்குதா பாருங்க. கும்பிடு மட்டும்தான் இருக்குது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கைக்குப் பக்கத்தில், பரம்பரையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர். கும்பிடு போட்டு ஒன்றைக் கேட்பது எப்படி இருக்கும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வார சனிக்கிழமையே வகுப்பைத் தொடங்கினோம். கடிதம் எழுதுவது, ஆய்வுச் சுருக்கம் எழுதுவது, ஆய்வை விளக்கும் சுவரொட்டி முன்னால் நின்று மூன்று நிமிடம் பேசுவது, நேர்காணலில் உட்காருவது. ஆங்கிலம் என் பொறுப்பு, அறிவியல் அவர் பொறுப்பு.

ஒத்திகை நேர்காணலில் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "உன் வேலையில எது தப்பாப் போச்சு?" கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கேள்வியில் திருதிருவென்று விழிப்பார்கள். தப்பே நடக்கவில்லை என்று ஒரு பையன் சாதித்தான். அவனுடைய ஆய்வு நோட்டை அவன் முன்னாலேயே மேடம் புரட்டினார். "அப்ப நீ வேலையே செய்யலப்பா" என்றார். எனக்கு அவர் சொன்னதில் மறக்க முடியாதது வேறொன்று. "தெரியாதுன்னு சொல்ல இவங்களுக்கு நல்ல இங்கிலீஷ் சொல்லிக் கொடுங்க சார். தெரிஞ்சதைச் சொல்ல அவங்களே கத்துக்குவாங்க." நான் நேர்மாறாகத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நடுவில் ஆறு மாதம் அவர் ஒரு வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போய்வந்தார். திரும்பியதும் பனியைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டோம். அவர் சொன்னது வேறு. போன முதல் நாள் அவருக்கு ஒரு கருவியையும் காட்டவில்லையாம். எந்தக் கதவு வழியாக ஓடவேண்டும், கண்ணில் அமிலம் தெறித்தால் எந்தக் குழாயைத் திறக்கவேண்டும் என்று நாள் முழுக்க அதையே காட்டினார்களாம். அங்கே ஃபியூம் ஹுட்டின் வாயில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார்களாம். வேதியியல் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபியூம் ஹுட் என்பது முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய பெட்டி. நச்சுப்புகை வரும் வேலையை அதற்குள் வைத்துத்தான் செய்யவேண்டும். மேலே இருக்கும் மோட்டார் புகையை இழுத்துக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே தள்ளும். காகிதம் உள்பக்கமாகச் சாய்ந்தால் காற்று இழுக்கிறது என்று அர்த்தம்.

"சார், உங்க வீட்ல பட்டு நூல் கெடைக்குமா?" என்று அடுத்த நாள் கேட்டார்.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்கா பஞ்சம். அண்ணன் தறியில் பாவு பிணைத்த பிறகு மிஞ்சிய அரக்கு நிற நூலில் ஒரு சிறு கொத்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு முழம் எடுத்து ஹுட்டின் வாயில் மேல்சட்டத்தில் கட்டினார். "பட்டு மாதிரி லேசா எதுவும் இல்ல சார். பக்கத்துல மூச்சு விட்டாலே ஆடும்" என்றார். முனுசாமி மோட்டாரைப் போட்டார். அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பேசினால் கேட்காது. அறையே அதிர்ந்தது. நூல் நேராகத் தொங்கியது. ஐந்து நிமிடம் நின்று பார்த்தோம், அசையவில்லை.

"சத்தம் வருதே மேடம்" என்றார் முனுசாமி.

"அதான் முனுசாமி பயமா இருக்குது. சத்தமும் வரலன்னா எல்லாரும் ஓடிப்போயிருப்பாங்க."

அவர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆள் வந்து மோட்டாரைப் போட்டுப் பார்த்துவிட்டு, மோட்டார் ஓடுகிறது, குறை ஏதும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கணவர் தாஸ் வந்து, ஏணி போட்டு மேலே ஏறினார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு கூரைப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். குழாய் இரண்டு அடிக்கு மேலே போகவில்லை. மாடி கட்டியபோது அதை அறுத்து, அதற்கு மேலேயே கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மோட்டார் இத்தனை வருஷமாகப் போக வழியில்லாத காற்றைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

திங்களன்று மேடம் மாடிக்கு வந்தார். என் மொழி ஆய்வகத்தில் ஜன்னலோரம், தரை விரிசல் விட்டிருந்த இடத்தில், மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். "அறுத்த குழாய் இதுக்குக் கீழதான் சார்" என்றார். அந்த பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்கு அடிக்கடி தலை வலிக்கும். ஆங்கிலத்தைக் கண்டால் வரும் தலைவலி என்று வருஷக்கணக்காகக் கிண்டல் செய்துவந்தவன் நான். அன்றைக்கும் அதையேதான் சொன்னேன். அவர் குனிந்து அந்த விரிசலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே போனார்.

அந்த வருஷம் பிரகாஷ் என்ற மாணவனுக்கு நேர்காணல் வந்தது. ஆய்வகப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்கள். மேடத்திடம் படித்த பிள்ளை, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. அவனைவிட நல்ல விண்ணப்பங்கள் இருந்திருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. ஊர்க்காரப் பிள்ளை ஒருவன், யாரோ அறுத்துவிட்டுப் போன குழாய்க்காகத் தோற்பதா என்று கோபம் வந்தது. அன்று மாலையே உட்கார்ந்து மாதிரி விடைகள் எழுதினேன். மொத்தம் பன்னிரண்டு. ஏழாவது விடை இது. எல்லாப் பாதுகாப்பு நடைமுறைகளும் முறையாகப் பின்பற்றப்படுகின்றன. ஃபியூம் ஹுட் நல்ல நிலையில் இயங்குகிறது. நான் அதில் பயிற்சி பெற்றிருக்கிறேன். ஆங்கிலத்தில் இதைக் கேட்க அருமையாக இருக்கும். மூன்று வாக்கியம், எங்கே மூச்சு விடவேண்டும் என்றுகூடக் குறித்திருந்தேன்.

எஸ்தர் மேடம் அதைப் படித்துவிட்டு என் மேஜையில் திருப்பி வைத்தார். "அழகா எழுதியிருக்கீங்க சார். அழகா இருக்கறதாலதான் வேணாங்கறேன்."

"பசங்க வெளிய போய்ச் சேரட்டும் மேடம். அங்க எல்லாம் நல்லாத்தானே இருக்குது. அப்புறம் என்ன?"

"போறவன் போயிடுவான் சார். அடுத்த வருஷம் இங்க வர்றவன்?"

இரண்டு வாரம் பேசாமல் இருந்தோம். ஏழாம் விடையைச் சொன்ன மூன்று பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து இடம் கிடைத்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அதை முகத்திலும் காட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

பிறகு கல்லூரியின் தரத்தை ஆய்வு செய்ய வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. அன்று காலை என்னையும் கூட்டிக்கொண்டு ஆய்வகங்களைச் சுற்றிப் பார்த்துவந்த முதல்வர், ஹுட்டின் முன்னால் நின்றார். "இது என்ன வேண்டுதல் கயிறு மாதிரி? எடுத்துடுங்க" என்றார். முனுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேடம் அடுத்த அறையில் இருந்தார். என் சட்டைப் பையில் பேட்ஜ் ரிப்பன் வெட்டுவதற்காக வைத்திருந்த கத்தரிக்கோல் இருந்தது. நான்தான் வெட்டினேன். வெட்டிய துண்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால் மேடம் வாசலில் நிற்கிறார். அந்தப் பார்வையைப் பற்றி என்னால் எழுத முடியாது.

குழுவினர் வந்தார்கள். மோட்டார் உறுமியது. ஒரு மாணவியிடம் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்கள். அவள் ஏழாம் விடையைச் சொன்னாள், மூச்சு விடவேண்டிய இடத்தில் மூச்சு விட்டாள். குழுத் தலைவர் அவளுடைய ஆங்கிலத்தை மெச்சி என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆய்வகப் பாதுகாப்பு திருப்திகரம் என்று அறிக்கையில் எழுதினார்கள். அதற்குப் பிறகு மேடம் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்தப் பக்கத்தின் நகலையே பதிலாக அனுப்பினார்கள்.

"இனிமே நான் எழுதற லெட்டருக்கெல்லாம் நீங்க எழுதின பதில்தான் சார் வரும்" என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை. மறுநாள் வேறொரு நூல் கட்டியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். குளோரோபார்ம் ஊற்றவேண்டிய வேலை, அமிலத்தைக் கொதிக்கவைக்கும் வேலை எதுவாக இருந்தாலும் மாணவர்களை வெளியே அனுப்பிவிடுவார். "நீ வராண்டாவுல உக்காந்து பேப்பர் படி. இத நான் பாத்துக்கறேன்." எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு ஒருவராகச் செய்வார். மேடத்துக்கு எங்கள் மேல் நம்பிக்கை இல்லை, கண்ணாடிச் சாமான் உடைந்துவிடும் என்று பயப்படுகிறார் என்று பிள்ளைகள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன். போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு இருமல் ஆரம்பித்தது. தூசு என்றார்கள், அலர்ஜி என்றார்கள். கடைசியில் சென்னையில் ஒரு மருத்துவர், நுரையீரல் இறுகிவருகிறது என்றார். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்றும் சொன்னாராம். நான் வேதியியலும் படித்ததில்லை, மருத்துவமும் படித்ததில்லை. நூலைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்று வாரம் முன்பு கௌசல்யாவைக் கூட்டிக்கொண்டு ஓரிக்கையில் அவர் வீட்டுக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "நாற்காலியப் போட்டு உக்காரும்மா, ஆரம்பிக்கலாம்" என்றார். ஒத்திகை நேர்காணல் நடத்தினார். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். எது தப்பாப் போச்சு என்று கேட்டார். கௌசல்யா நன்றாகவே சொன்னாள். கடைசியாக என்னைப் பார்த்து, "ஏழாவதை நீங்க கேளுங்க சார்" என்றார். கேட்டேன். கௌசல்யா சுவரைப் பார்த்துக்கொண்டு மூன்று வாக்கியத்தையும் பிசிறில்லாமல் சொன்னாள்.

"நல்லா சொன்னம்மா. இப்ப என்னைப் பாத்து சொல்லு."

அவள் திரும்பினாள். வாயைத் திறந்தாள். வரவில்லை. ஆக்சிஜன் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். வெட்கம் என்றால் என்னவென்று ஐம்பத்திரண்டு வயதில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு மாலை அவரை அடக்கம் செய்தோம். திங்கள் காலை கௌசல்யாவின் நேர்காணல். வேண்டாம், தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மொழி ஆய்வகத்தில் கேமராவில் தெரியாத இடத்தில், அந்த மூன்றாவது பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் மூன்று பேர். அரை மணி நேரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு பெண்மணி பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்.

கௌசல்யா திரையை நேராகப் பார்த்தாள். அதன் பிறகு நான் சொல்லிக் கொடுக்காத ஆங்கிலத்தில், தட்டித் தடுமாறி, இலக்கணப் பிழைகளோடு சொன்னாள். எங்கள் ஃபியூம் ஹுட் வேலை செய்யாது. சத்தம் மட்டும் வரும். அதன் வாயில் என் ஆசிரியை ஒரு பட்டு நூல் கட்டியிருக்கிறார். நூல் அசையாது. அதனால் என் வேலையில் ஆபத்தான பகுதியை அவரே செய்தார். நேற்று அவரை அடக்கம் செய்தோம்.

பிறகு அந்தப் பெண்மணி, "நீங்கள் இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம். ஜூன் வரை. இனிமேல் அதை நானேதான் செய்யவேண்டும்."

சொல்லிவிட்டு இரண்டு முறை இருமினாள். தண்ணீர் குடித்தாள். பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன். நேர்காணலின் முடிவு இன்னும் வரவில்லை.

அன்று பிற்பகல் முனுசாமியிடம் சாவி வாங்கிக்கொண்டு கீழே ஆய்வகத்துக்குப் போனேன். மேடம் கடைசியாகக் கட்டிய நூல் அப்படியே இருந்தது. மோட்டாரைப் போட்டேன். நேராகத் தொங்கியது. பக்கத்தில் போய் நின்றேன். என் மூச்சுக்கு மட்டும் ஆடியது. மோட்டாரை நிறுத்தினேன். அந்த உறுமல் ஓய்ந்த பிறகு, மேலே என் மொழி ஆய்வகத்தில் யாரோ இருமுவது கேட்டது. நான் திரும்பி வருவதற்காகக் கௌசல்யா அங்கே காத்திருந்தாள்.

எஸ்தர் மேடத்திடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது, நான் வெட்டிய அந்த ஒரு சாண் நூல். என் பர்ஸில் இருக்கிறது. அது அவர் கொடுத்தது அல்ல, நான் அவரிடமிருந்து எடுத்தது. ஏழாம் விடையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனால் அதை மனப்பாடம் செய்தவர்கள் இருக்கிறார்கள், அதை நம்பி எழுதிய அறிக்கையும் இருக்கிறது. அந்த விடை பொய், எழுதியவன் நான் என்று முதல்வருக்கும் அந்தக் குழுவுக்கும் என் கையெழுத்தோடு கடிதம் அனுப்பியிருக்கிறேன். மோட்டார் ஓடுகிறது, குறை ஏதும் இல்லை என்று பதில் வரும். மறுபடி எழுதுவேன். அவர் அப்படித்தான் எழுதினார்.

மேடத்தின் மறைவுக்காகப் பூட்டிவைத்திருக்கும் ஆய்வகம் அடுத்த திங்கள்கிழமை திறக்கிறது. முதலாண்டுப் பிள்ளைகள் இருபது பேர் உள்ளே போகிறார்கள். கௌசல்யாவும் போகிறாள். இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எஸ்தர் மேடத்தின் பெயரால் நான் கேட்பது ஒன்றுதான். அவர் படத்துக்கு மாலை போடுவதற்கு முன்னால் ஒருமுறை கீழே போய் அந்த நூலைப் பாருங்கள். மோட்டார் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். நூல் நேராகத் தொங்கினால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.